பீட்டா படிகம் எங்கே சறுக்கியது: க்ளிவெக் காப்புரிமை வழக்கு, சென்னை முதல் டெல்லி வரை

மருந்துக் காப்புரிமை வழக்குகளில் தொழில் செய்ய ஆசைப்படும் ஜூனியர்கள் முதலில் எந்தத் தீர்ப்பைப் படிப்பது என்று கேட்டால், நோவார்ட்டிஸ் எதிர் இந்திய ஒன்றியம் என்றுதான் சொல்வேன். க்ளிவெக் என்ற ரத்தப் புற்றுநோய் மருந்துக்கு இந்தியாவில் காப்புரிமை கேட்டு, நோவார்ட்டிஸ் என்ற சுவிஸ் மருந்துக் கம்பெனி தோற்ற வழக்கு. உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று தீர்ப்பைத் தந்தது. நூறு பக்கத்தைத் தாண்டும். சட்ட வரலாறு, வேதியியல், அமெரிக்காவில் தாக்கலான படிவங்கள், இங்கிலாந்தில் போன வக்கீல் நோட்டீஸ், மாத்திரை அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்த வாசகம் வரை எல்லாம் அதில் இருக்கிறது. இந்தத் துறையில் ஒரு வழக்கறிஞர் அன்றாடம் என்ன வேலை பார்க்கிறார் என்பதை இவ்வளவு முழுமையாகக் காட்டும் வேறு தீர்ப்பு எனக்குத் தெரிந்து இந்தியாவில் இல்லை.

பத்திரிகைகளில் இந்த வழக்கு ஏழை நோயாளிக்கும் பன்னாட்டுக் கம்பெனிக்கும் நடந்த சண்டையாகவே வந்தது. அது பொய்யில்லை. மாதம் சுமார் ரூ.1,20,000-க்கு விற்ற மருந்தை, அதையே மலிவாகச் செய்து விற்கும் இந்திய ஜெனரிக் கம்பெனிகள் ரூ.8,000 முதல் ரூ.10,000-க்குள் கொடுத்தன, அந்த வித்தியாசம்தான் வழக்குக்கே உயிர். ஆனால் தீர்ப்பை முடிவு செய்தது விலை இல்லை. கம்பெனி தன் கையாலேயே வேறு நாடுகளில் எழுதிக் கொடுத்த காகிதங்களும், தவறான பொருளோடு செய்த ஓர் ஒப்பீடும்தான். அதைத்தான் இங்கே விரிவாகப் பார்க்கப் போகிறேன்.

மருந்தும் அதன் உப்பும்

நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டு மாற்றிக்கொள்கின்றன. அதனால் பிறக்கும் ஒரு நொதி வெள்ளையணுக்களை ஓயாமல் பெருக வைக்கிறது. அந்த நொதியை மட்டும் குறிவைத்து அடைக்கும் மருந்து இமாட்டினிப். சுவிட்சர்லாந்தின் சீபா-கெய்கி கம்பெனியில் உருவானது; நிக்கலஸ் லைடன், யூர்க் சிம்மர்மன் இருவரும் அதில் முக்கியமானவர்கள். அமெரிக்க மருத்துவர் பிரையன் ட்ரூக்கர் அதை நோயாளிகளிடம் கொண்டுபோனார். 1996-இல் சீபா-கெய்கியும் சாண்டோஸும் இணைந்து நோவார்ட்டிஸ் ஆனது. அதே 1996 மே மாதம் சிம்மர்மன் பெயரிலான அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 2001 மே 10 அன்று க்ளிவெக் என்ற பெயரில் மருந்துக்கு அமெரிக்க அனுமதி வந்தது.

வழக்கு புரிய மூன்று படிகளை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் படி இமாட்டினிப் என்ற மூலப்பொருள். அதை மெத்தேன் சல்ஃபோனிக் அமிலத்தோடு சேர்த்தால் கிடைப்பது இமாட்டினிப் மெசிலேட் என்ற உப்பு. இது இரண்டாம் படி. அந்த உப்பு ஒன்றுக்கு மேற்பட்ட விதமாகப் படிகமாகும். ஆல்ஃபா படிகம் ஊசி ஊசியாக இருக்கும், காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், மாத்திரை செய்யத் தோதுப்படாது. பீட்டா படிகம் நன்றாக ஓடும், ஈரம் பிடிக்காது, 140 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இன்னும் நிலையானது. இந்த பீட்டா படிகம்தான் மூன்றாம் படி. நோவார்ட்டிஸ் இந்தியாவில் காப்புரிமை கேட்டது இந்த மூன்றாம் படிக்கு மட்டும்.

முதல் படிக்கு ஏன் கேட்கவில்லை என்றால், கேட்க வழியில்லை. நீதிபதி ராஜகோபால ஐயங்கார், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் போனவர், 1959-இல் கொடுத்த அறிக்கையின் அடிப்படையில் வந்தது 1970 காப்புரிமைச் சட்டம். அதன்படி மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, தயாரிக்கும் முறைக்கு மட்டும்தான். சிம்மர்மன் கண்டுபிடிப்பு 1993, 94 காலத்தது. அறிவுசார் சொத்துரிமை பற்றிய உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தம் 1995-இல்தான் அமலுக்கு வந்தது. அதன்படி, பொருள் காப்புரிமை வரும்வரை விண்ணப்பங்களை வாங்கி ஒரு பெட்டியில் போட்டு வைக்க இந்தியா ஒப்புக்கொண்டது. 2005 ஜனவரி 1-க்குப் பிறகு பெட்டியைத் திறந்து பரிசீலிக்க வேண்டும்.

அந்தப் பெட்டிக்குள் 1998 ஜூலை 17 அன்று சென்னை அலுவலகத்தில் விழுந்ததுதான் 1602/எம்.ஏ.எஸ்./1998 என்ற விண்ணப்பம். ஊர் பெயர் மாறி 2 வருடம் ஆகியும் எண்ணில் மெட்ராஸ் ஒட்டிக்கொண்டிருந்தது.

பெட்டி திறக்கும் முன்பே சண்டை

பெட்டியில் கிடக்கும் விண்ணப்பத்துக்கும் இடைக்காலமாக ஒரு சலுகை உண்டு: தனிச் சந்தை உரிமை, அதாவது அந்த மருந்தை அந்தக் கம்பெனி மட்டுமே விற்கலாம். 2003 நவம்பரில் நோவார்ட்டிஸுக்கு அது கிடைத்தது. கையோடு ஜெனரிக் கம்பெனிகள் மேல் வழக்கு. சென்னை உயர் நீதிமன்றம் 2004 ஜனவரியில் இடைக்காலத் தடை கொடுத்தது. மும்பை உயர் நீதிமன்றம் கொடுக்க மறுத்தது. ஒரே உரிமை, ஒரே மருந்து, இரண்டு ஊரில் இரண்டு முடிவு. மருந்து வழக்கில் எந்த நீதிமன்றத்தில் முதலில் தாக்கல் செய்வது என்று சீனியர்கள் ஏன் அவ்வளவு நேரம் யோசிக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. சென்னைத் தடையால் மலிவு மருந்தை நம்பியிருந்தவர்கள் திண்டாடினார்கள். மும்பையின் கேன்சர் பேஷண்ட்ஸ் எய்ட் அசோசியேஷன் என்ற நோயாளிகள் உதவி அமைப்பு வழக்குக்குள் வந்தது இந்தக் கட்டத்தில்தான்.

நோவார்ட்டிஸ் தரப்புக்கும் இதில் ஒரு பதில் இருந்தது. இந்தியாவில் க்ளிவெக் எழுதிக்கொடுக்கப்படும் நோயாளிகளில் சுமார் 95 சதவீதம் பேருக்குத் தங்கள் உதவித் திட்டத்தில் மருந்தை இலவசமாகவே கொடுப்பதாகக் கம்பெனி சொன்னது. அந்தத் திட்டத்தால் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் காப்புரிமை அலுவலகத்தில் அந்த வாதத்துக்கு வேலை இல்லை. தர்மம் வேறு, உரிமை வேறு.

2005-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி மருந்துப் பொருளுக்குக் காப்புரிமையைக் கொண்டுவந்தது. கூடவே ஒரு பூட்டும் போட்டது. அதுதான் பிரிவு 3(டி). தெரிந்த ஒரு பொருளின் புதிய வடிவம், அந்தப் பொருளின் தெரிந்த செயல்திறனைக் கூட்டாவிட்டால், கண்டுபிடிப்பே ஆகாது. உப்பு, எஸ்டர், படிக வடிவம், துகள் அளவு எல்லாமே, செயல்திறனில் கணிசமான வித்தியாசம் காட்டாதவரை, அதே பொருளாகவே கருதப்படும். பழைய மருந்தைக் கொஞ்சம் மாற்றி இன்னொரு 20 வருடம் வாங்கும் வித்தையைத் தடுப்பதுதான் நோக்கம். 1998-இல் எழுதிய விண்ணப்பத்தை 2005-இல் வந்த சட்டத்தால் அளந்தார்கள் என்ற நோவார்ட்டிஸின் ஆதங்கத்தில் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். எழுதியவருக்கு அப்படி ஒரு கேள்வி வரப்போகிறது என்று கனவிலும் தெரிந்திருக்காது.

அதனால்தான் விண்ணப்பத்தின் விவரக்குறிப்பில் அந்த ஒரு வாக்கியம் வெள்ளந்தியாக உட்கார்ந்திருக்கிறது. பீட்டா படிகத்தின் நோய் தீர்க்கும் குணங்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, இதே விளைவுகளெல்லாம் மூலப்பொருளிலும் மற்ற உப்புகளிலும் காணப்படுவது சொல்லாமலே விளங்கும் என்கிறது. 1998-இல் இது அதிகம் கேட்பதற்கான வழி. மருந்துக் குணம் மூன்று படிக்கும் பொது, ஆகவே என் உரிமையும் அகலமானது என்று காட்டும் எழுத்து. 2005-க்குப் பிறகு அதே வாக்கியம் எதிர்த்தரப்பின் கையில் ஆயுதமானது. செயல்திறன் கூடவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, ஐயா.

நாட்கோ, சிப்லா, ரான்பாக்ஸி, ஹெட்டெரோ ஆகிய ஜெனரிக் கம்பெனிகள், அப்புறம் அந்த நோயாளிகள் அமைப்பு என்று 5 பேர், காப்புரிமை தரும் முன்பே தடுக்கும் வழங்குமுன் எதிர்ப்பு மனு போட்டார்கள். 2006 ஜனவரி 25 அன்று சென்னை அலுவலகத்தின் உதவிக் கட்டுப்பாட்டாளர் விண்ணப்பத்தை நிராகரித்தார். புதுமை இல்லை, துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியது, 3(டி) தடுக்கிறது. மூன்றிலும் தோல்வி. அதோடு தனிச் சந்தை உரிமையும் போயிற்று.

சொந்தச் செலவில் வாங்கிய வரையறை

இதற்குப் பிறகு நோவார்ட்டிஸ் எடுத்த முடிவு, என் கணக்கில், இந்த வழக்கின் பெரிய தவறு. நிராகரிப்பை மட்டும் எதிர்க்காமல், 3(டி) பிரிவையே ரத்து செய்யச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டார்கள். இரண்டு வாதம்: பிரிவு டிரிப்ஸ் ஒப்பந்தத்தை மீறுகிறது, செயல்திறன் என்றால் என்ன என்று சட்டத்தில் சொல்லவில்லை, அதிகாரி தன் இஷ்டத்துக்கு முடிவெடுக்க விடுகிறது, ஆகவே அரசியல் சாசனத்தின் 14-ஆம் பிரிவுக்கு விரோதம். சோலி சொராப்ஜி, சாந்தி பூஷண் என்று நாட்டின் பெரிய தலைகள் கம்பெனிக்காக வந்து நின்றார்கள்.

நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியன், பிரபா ஸ்ரீதேவன் அமர்வு 2007 ஆகஸ்ட் 6 அன்று இரண்டையும் தள்ளியது. ஒப்பந்த மீறலுக்கு உலக வர்த்தக அமைப்பிலேயே தீர்வு மன்றம் இருக்கிறது, அங்கே போங்கள் என்றது. இரண்டாவது வாதத்துக்குத்தான் பதில் சொல்லியாக வேண்டும். பிரிவு தெளிவில்லாதது இல்லை என்று காட்ட வேண்டுமானால் அதற்கு ஒரு தெளிவான பொருள் சொல்ல வேண்டுமல்லவா? அமர்வு மருத்துவ அகராதியைப் புரட்டியது. மருந்து விஷயத்தில் செயல்திறன் என்றால் நோயைக் குணமாக்கும் திறன், சிகிச்சைத் திறன் என்று வரையறுத்தது.

அதுவரை அந்தச் சொல் திறந்தே கிடந்தது. மாத்திரை எளிதில் செய்ய வருகிறது, கெடாமல் இருக்கிறது என்பதையெல்லாம்கூட உள்ளே கொண்டுவர வாதாட இடம் இருந்தது. ரிட் மனு அந்தக் கதவைச் சாத்திவிட்டது. பீட்டா படிகத்தின் உண்மையான பலங்கள், அதாவது நன்றாக ஓடும் தன்மை, நிலைத்தன்மை, ஈரம் பிடிக்காமை, மூன்றும் அந்த வரையறைக்கு வெளியே நின்றன. சட்டத்தையே அடிக்கப் போகும்போது, அடி விழாவிட்டால் கையில் என்ன மிஞ்சும் என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும். இது கட்சிக்காரரிடம் சொல்லக் கஷ்டமான அறிவுரை; ஆனால் சீனியர் சம்பளம் வாங்குவது அதற்குத்தான்.

நிராகரிப்பின் மீதான மேல்முறையீடு, சென்னையில் தலைமையகம் கொண்ட அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்துக்கு மாறியது. அங்கே உட்கார வேண்டிய தொழில்நுட்ப உறுப்பினர், முன்பு காப்புரிமைத் துறையின் தலைவராக இருந்து இதே வழக்கில் அரசுக்காகப் பிரமாணப் பத்திரம் போட்டவர். கம்பெனி ஆட்சேபித்தது, அந்தப் பஞ்சாயத்து உச்ச நீதிமன்றம் வரை போய் வந்தது. கடைசியில் வேறு உறுப்பினரோடு 2009 ஜூன் 26 அன்று வாரியம் தீர்ப்பு சொன்னது. புதுமை உண்டு, எளிதில் தோன்றாதது என்பதும் சரி, ஆனால் 3(டி) தாண்டவில்லை. தயாரிப்பு முறைக்கு வேண்டுமானால் காப்புரிமை கொடுக்கலாம். மூன்றில் இரண்டு கேள்வியில் ஜெயித்தும் பரீட்சையில் ஃபெயில்.

டெல்லியில்: காகிதங்கள் பேசின

உயர் நீதிமன்றத்தைத் தாண்டி நேரே உச்ச நீதிமன்றம் போனது நோவார்ட்டிஸ். இப்படித் தாண்டி வருவதை ஊக்குவிக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிக்கொண்டே, திருப்பி அனுப்பினால் காப்புரிமைக் காலமே முடிந்துவிடும் என்பதால் விசாரிக்க ஒப்புக்கொண்டது. விசாரணைக்கு நடுவில் 2011-இல் நீதிபதி தல்வீர் பண்டாரி விலகிக்கொண்டார். கடைசியில் நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், ரஞ்சனா பிரகாஷ் தேசாய் முன்பு 2012 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை நடந்தது. கம்பெனிக்கு கோபால் சுப்பிரமணியம், அந்தியாருஜினா, இருவருமே முன்னாள் சொலிசிட்டர் ஜெனரல்கள். நோயாளிகள் அமைப்புக்கு ஆனந்த் குரோவர். சிப்லாவுக்கு பிரதிபா சிங். அவர் 2017-இல் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதியானார். யாருக்கும் வக்காலத்து இல்லாமல், கல்வியாளராக ஷம்நாத் பஷீர் இடையில் நுழைந்து வாதம் வைத்தார்.

நோவார்ட்டிஸின் கட்டுமானம் நேர்த்தியானது. சிம்மர்மன் காப்புரிமை மூலப்பொருளை மட்டும்தான் சொல்லிக்கொடுத்தது. உப்பு அங்கே வெளிப்படவில்லை. ஆகவே மூலத்திலிருந்து உப்பு ஒரு கண்டுபிடிப்பு, உப்பிலிருந்து பீட்டா படிகம் இன்னொன்று. ஒப்பிட வேண்டியது பீட்டாவையும் மூலப்பொருளையும்.

இந்தக் கட்டுமானத்துக்கு எதிராக நின்றவை எல்லாம் கம்பெனியின் சொந்தக் காகிதங்கள். க்ளிவெக்குக்கு அமெரிக்க அனுமதி கிடைத்ததும், சிம்மர்மன் காப்புரிமைக்குக் காலநீட்டிப்பு கேட்டு விண்ணப்பித்திருந்தார்கள். அப்படிக் கேட்க வேண்டுமானால், விற்கும் மருந்தை அந்தக் காப்புரிமை உள்ளடக்குகிறது என்று எழுதித் தரவேண்டும், எழுதித் தந்திருந்தார்கள். இரண்டாவது, 2004 பிப்ரவரி 13 தேதியிட்ட ஒரு நோட்டீஸ். நாட்கோ தன் வீனாட் மருந்தை இங்கிலாந்தில் விற்க முயன்றபோது, சிம்மர்மன் கண்டுபிடிப்பின் ஐரோப்பியக் காப்புரிமையைக் காட்டி நிறுத்தச் சொல்லி நோவார்ட்டிஸின் வக்கீல்கள் அனுப்பியது. நாட்கோ நிறுத்தியும் விட்டது. வீனாட் என்பது இமாட்டினிப் மெசிலேட், அதாவது இரண்டாம் படி. இங்கிலாந்தில் அந்த உப்பு சிம்மர்மனுக்குள் அடக்கம். இந்தியாவில் சிம்மர்மனுக்கு அதைப் பற்றியே தெரியாது! இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தால் எந்த நீதிபதிதான் ஏற்பார்? போதாக்குறைக்கு, மெசிலேட் உப்பின் மருந்துக் குணங்கள் 1996-லேயே விஞ்ஞான இதழ்களில் வந்திருந்தன.

கம்பெனி தரப்பு சளைக்கவில்லை. ஒரு காப்புரிமை உள்ளடக்குவது வேறு, வெளிப்படுத்துவது வேறு என்றார்கள். வேலி பெரிதாகப் போடலாம், உள்ளே இருக்கும் எல்லாச் செடியையும் காட்டியதாக ஆகாது என்பதுதான் இதன் சாரம். நீதிமன்றம் இந்த இடைவெளியை ஏற்கவில்லை. உரிமை கேட்கும்போது அகலமாகவும், வெளிப்படுத்தியதைச் சொல்லும்போது குறுகலாகவும் இருக்க இந்தியச் சட்டம் இடம் தராது என்று போயிற்று. இந்த இடத்தில் தீர்ப்பு கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டது என்பது என் கருத்து. உள்ளடக்கமும் வெளிப்படுத்தலும் எப்போதுமே ஒன்றுதான் என்றால், ஒரு பொதுச் சூத்திரத்துக்குள் லட்சக்கணக்கான மூலக்கூறுகளை அடக்கிய பழைய காப்புரிமை ஒன்று, பின்னால் பிறக்கும் உண்மையான புது மருந்தையும் கொன்றுவிடும். ஆனால் இந்த வழக்கின் சங்கதிகளை மட்டும் பார்த்தால் முடிவு சரிதான். இங்கே பேசப்பட்டது யாரும் தொடாத மூலக்கூறு அல்ல, கடையில் விற்ற மாத்திரை.

உப்பு தெரிந்த பொருள் ஆனதும் ஒப்பீடு இடிந்தது. கம்பெனி தாக்கல் செய்த நிபுணர்களின் பிரமாணப் பத்திரங்கள் பீட்டா படிகத்தை மூலப்பொருளோடு ஒப்பிட்டன. ரத்தத்தில் சேரும் அளவு 30 சதவீதம் கூடுகிறது என்ற எண், எலிகளில் பார்த்த சோதனை; அதுவும் மூலப்பொருளோடுதான். ஒப்பிட வேண்டியது மெசிலேட் உப்போடு. அதற்கு ஒரு தாள்கூடக் கோப்பில் இல்லை. தண்ணீரில் நன்றாகக் கரைகிறது என்பதும் உப்பாக மாறியதால் வந்த குணம், பீட்டாவால் வந்தது அல்ல. ரத்தத்தில் கூடுதலாகச் சேர்வதே சிகிச்சைத் திறன் கூடியதற்குச் சான்றா? தானாக ஆகாது, ஆராய்ச்சித் தரவோடு நிரூபிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். எந்தச் சோதனைக்கும் ஒப்பீட்டுப் பொருள் எது என்பதை முதலில் பாருங்கள், எண்ணைப் பிறகு பாருங்கள். மருந்து வழக்குக் கோப்பைப் படிக்கும் முறையே இதுதான்.

சிகிச்சைத் திறன் எவ்வளவு அகலம் என்பதில் வக்கீல்களுக்குள் நடந்த விவாதமும் சுவையானது. நோயைக் குணமாக்கும் திறன் மட்டும் என்று குறுக்கினார் குரோவர். பக்கவிளைவு குறைவது, பாதுகாப்பு கூடுவது எல்லாம் சேர வேண்டும் என்றார் பஷீர். நீதிமன்றம் கண்டிப்பாகவும் குறுகலாகவும்தான் படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, இந்த இருவருக்கும் நடுவே கோட்டை எங்கே போடுவது என்பதை முடிக்காமலே விட்டது. அந்த விடுபட்ட இடத்தில்தான் இன்றுவரை பல வழக்கறிஞர்களின் பிழைப்பு ஓடுகிறது.

கடைசிப் பக்கங்களில் நீதிமன்றம் மருந்து அட்டைப்பெட்டியையே எடுத்துப் பார்த்தது. அதில் இமாட்டினிப் மெசிலேட் என்று இருக்கிறதே தவிர பீட்டா படிகம் என்ற பேச்சே இல்லை. 15 வருடம் சண்டை போட்ட பொருளின் பெயர் பெட்டியில் இல்லை. மேல்முறையீடு செலவுத் தொகையோடு தள்ளுபடியானது.

வழக்கு முடிந்த பிறகு

2007 அமர்வில் இருந்த நீதிபதி பிரபா ஸ்ரீதேவன், ஓய்வுக்குப் பிறகு மேல்முறையீட்டு வாரியத்தின் தலைவரானார். 2012 நவம்பரில் ரோஷ் கம்பெனியின் ஹெபடைடிஸ் மருந்துக் காப்புரிமையை வாரியம் ரத்து செய்ததும், 2013 மார்ச் 4 அன்று பேயரின் புற்றுநோய் மருந்துக்கு நாட்கோ வாங்கிய கட்டாய உரிமத்தை, அதாவது காப்புரிமைக்காரர் சம்மதம் இல்லாமலே தயாரிக்கும் அனுமதியை, உறுதி செய்ததும் அவர் காலத்தில்தான். இந்தியாவின் மருந்துக் காப்புரிமைச் சட்டத்தில் பெரும்பகுதி சென்னையில் எழுதப்பட்டது என்று சொன்னால் மிகையில்லை. வாரியம் 2021-இல் கலைக்கப்பட்டது. அதன் வழக்குகள் உயர் நீதிமன்றங்களுக்குப் போயின. சென்னை உயர் நீதிமன்றத்தில் அறிவுசார் சொத்துக்கென்றே தனிப் பிரிவு 2023-இல் வந்தது. வேதியியலோ மருந்தியலோ படித்துவிட்டுச் சட்டம் படித்தவர்களுக்கு இங்கே வேலை இருக்கிறது.

உள்ளடக்கம், வெளிப்படுத்தல் வாதம் பழுக்க 8 வருடம் ஆயிற்று. அஸ்ட்ராஜெனகாவின் சர்க்கரை நோய் மருந்து டாபாக்ளிஃப்ளோசின் வழக்கில், ஒரே மாத்திரை தன் இரண்டு காப்புரிமைகளையும் மீறுவதாகக் கம்பெனி சொன்னது. அப்படியானால் கண்டுபிடிப்பு ஒன்றுதானே, இரண்டு காப்புரிமை எதற்கு என்று 2021 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு கேட்டு, தடை தர மறுத்தது. நான் மேலே சொன்ன பயம் கற்பனை இல்லை என்பதற்கும், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அந்த வாதம் எவ்வளவு பலம் என்பதற்கும் இது ஒன்றே சாட்சி. 2023 மார்ச்சில் காசநோய் மருந்து பெடாக்விலினின் ஃப்யூமரேட் உப்புக்கு ஜான்சன் அண்ட் ஜான்சன் கேட்ட காப்புரிமையை மும்பை அலுவலகம் நிராகரித்தது. எதிர்ப்பு மனு போட்டவர்களில் ஒருவர் காசநோயிலிருந்து மீண்ட நந்திதா வெங்கடேசன். மறுபடியும் ஓர் உப்பு, மறுபடியும் 3(டி).

இதே பீட்டா படிகத்துக்கு அமெரிக்காவில் 2005-இல் காப்புரிமை கிடைத்திருந்தது. 2019 வரை செல்லும். சிம்மர்மன் காப்புரிமை அங்கே 2015 ஜூலை 4 அன்று முடிந்தது. சன் பார்மா பீட்டா காப்புரிமையை எதிர்த்து வழக்குப் போட்டிருந்தது. நோவார்ட்டிஸ் சமரசத்துக்கு வந்தது. அதன்படி சன் பார்மாவின் ஜெனரிக் மாத்திரை 2016 பிப்ரவரி 1 அன்று அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. இந்தியாவில் ஒன்றும் தேறாத பீட்டா படிகத்தால் அங்கே கம்பெனிக்குக் கூடுதலாகக் கிடைத்தது 7 மாதம்.